நெருப்புக்கு அவளிடம் ஒரு சொல்

ஜேர்மனியில் ஹைம் என்று நாங்கள் சொன்ன அந்த மூன்று மாடி அகதி விடுதியில் தமிழ்க் குடும்பம் என்று இருந்தது நாங்கள் மட்டும்தான். மேல்மாடியில் எங்கள் பக்கத்து அறையில் மொம்பாசாவிலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். அவளுடைய பாஷை சுவாஹிலி. எனக்கு இங்கிலீசு ஓடாது, அவளுக்கு ஜேர்மன்காரரின் டொச் ஓடாது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ரீவியைப் போட்டால் எங்கோ ஒரு ஹைம் எரிந்த செய்திதான். என் கணவர் உணவகமொன்றில் கோப்பை கழுவப் பின்னேரம் போய்விடுவார். அவர் கதவைச் சாத்தினதும் நான் யன்னலால் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஐந்து வயது மகளைச் சப்பாத்தோடேயே படுக்க வைப்பேன். கண்டறியாத நாடு என்று வாய்விட்டுத் திட்டுவேன். திட்டினால் பயம் போகுமா என்ன?

பயத்துக்குத் துணையாகத்தான் அவளும் நானும் பொதுக் குசினியில் ஒன்றாகச் சமைக்கத் தொடங்கினோம். ஒரு நாள் அவள் மேசையைத் தட்டி "மேசா" என்றாள். "அட, மேசை!" என்று கத்திவிட்டேன். முற்றத்திலிருந்த மழைத்தண்ணீர்ப் பீப்பாவைக் காட்டினேன். அவளுக்கு அது "பீபா". அவள் இடுப்பில் சுற்றியிருந்த பூத்துணி "லேசோ", நாங்கள் முகம் துடைக்கிற லேஞ்சிக்குச் சொந்தம். போர்த்துக்கேயர் அவளுடைய கரையிலும் எங்களுடைய கரையிலும் இறங்கி, அடித்துப் பறித்து, இந்தச் சொற்களை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு அவள் "ஷூலே" என்றாள், டொச்சிலும் அதே சொல்தான். டொச்சுக்காரர் அவளுடைய அயல்நாட்டை ஆண்டபோது கொடுத்த சொல்லாம், என் கணவர் அவளிடம் இங்கிலீசில் கேட்டுச் சொன்னார்.

"அப்ப இவையள் அங்கை போகலாம், நாங்கள் இங்கை வரக்கூடாதோ?" எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

பிறகு நெருப்புக்குச்சியைத் தட்டிக் காட்டினேன். "மோட்டோ" என்றாள். அதற்கும் நம்முடைய சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாடமாக்கத்தான் வேண்டும். நம்முடையது அவள் வாயில் "நெரப்பூ" என்று வந்தது.

"பூ இல்லையடி, பு!" என்று சிரித்தேன். எதற்காக இந்தச் சொல்லைப் படிக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒரு பின்னேரம் மகளை அவளிடம் விட்டுவிட்டு நிலவறைக்கு உடுப்புத் தோய்க்கப் போனேன். திரும்பி வந்தால் படிக்கட்டு முழுக்கக் கரும்புகை. முன்வாசலில் நின்ற குழந்தை வண்டி எரிந்துகொண்டிருந்தது. யாரும் கொளுத்தினார்களா, தானாகப் பற்றியதா என்று கடைசிவரை தெரியவில்லை. ஐயோ, பிள்ளை மேல்மாடியில்! சுவரைத் தடவிக்கொண்டு ஏறினேன். "மோட்டோ! மோட்டோ!" என்றுதான் வாயில் வந்தது. மாதாவே என்றுகூட வரவில்லை.

கண் எரிந்தது, ஒன்றும் தெரியவில்லை. மேலேயிருந்து ஒரு குரல் இறங்கி வந்தது.

"நெரப்பூ! நெரப்பூ!"

அந்த வீட்டில் அப்போது அந்தச் சொல் விளங்கக்கூடிய பெரியவள் நான் ஒருத்திதான். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். நனைத்த லேசோவால் மகளின் முகத்தை மூடித் தோளில் போட்டுக்கொண்டு வந்தவளோடு முட்டிக்கொண்டேன். இருவருமாகப் பின்வாசலால் வெளியே ஓடினோம்.

முற்றத்தில் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக் குளறி அழுதேன். மகள் இருமி இருமிக் கேட்டாள்.

"அம்மா, அன்ரி ஏன் தமிழிலை கத்தினவ?"

"உன்னை என்னட்டைத் தரத்தான், பிள்ளை."