நாட் பைன், சார்

எங்கள் வடக்குத்து கிராமத்தில் ஒருவர் "எப்படி இருக்க?" என்று கேட்டுவிட்டால் சைக்கிளை ஸ்டாண்டு போட்டே ஆகவேண்டும். மாடு கன்று போட்டது முதல் அம்மாவின் முழங்கால் வலி வரை சொல்லி முடித்த பிறகுதான் கேட்டவருக்கு விடுதலை. கேட்டுவிட்டு நடையைக் கட்டுகிறவனை நாங்கள் மனிதனாகவே மதித்ததில்லை.

அதனால், எழுபதுகளின் கடைசியில் ஊருக்குப் பக்கத்து நிலக்கரி மைன்ஸில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் அதிகாரியைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. ஷிப்ட் தொடங்கியதும் கன்வேயர் பெல்ட் ஓரமாக வேகமாக நடந்துகொண்டே ஒவ்வொருவரிடமும் "ஹவ் ஆர் யூ?" என்பார், நிற்க மாட்டார். முதல் நாள் நான் ஹெல்மெட்டைக் கழற்றி, யோசித்து, வாயைத் திறப்பதற்குள் மூன்று ஆள் தாண்டிப் போய்விட்டார். விடாமல் பின்னாலேயே போய், சளி பிடித்திருப்பதைத் தமிழில் சொன்னேன்.

திருநெல்வேலிக்கார சீனியர் ஒருவர் என்னை இழுத்து வந்தார். "எலேய், அவரு பதிலா கேட்டாரு? கை ஒடிஞ்சு தொங்கினாலும் 'பைன், தேங்க் யூ சார்'னு சொல்லிட்டு வேலையப் பாருல."

சொல்லிப் பழகினேன். கிளிப்பிள்ளை தோற்றது.

அப்போதுதான் பண்ருட்டியில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடாயிற்று. என் ஷிப்டால் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போனது. இந்த ஞாயிறும் வராவிட்டால் வேறு மாப்பிள்ளை பார்த்துவிடுவோம் என்று பெண் வீட்டார் சொல்லியனுப்பிவிட்டார்கள். போட்டோவில் பார்த்த முகத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஞாயிறோ மத்தியானம் பி ஷிப்ட். காலை ஷிப்டுக்கு மாற்ற அதிகாரியின் கையெழுத்து வேண்டும்.

வியாழக்கிழமை "ஹவ் ஆர் யூ?" என்றார். என் வாய் தானாக "பைன்" என்றது. வெள்ளியும் அப்படியே. வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. சனிக்கிழமை கத்தினேன்: "நாட் பைன், சார்!"

மனிதர் நின்றுவிட்டார். பெல்ட் ஓரமிருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். அதற்கு மேல் என்னிடம் இங்கிலீஷ் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மைன்ஸ் டவுன்ஷிப்பில் புழங்கும் வார்த்தைகளைப் பொறுக்கிக் கோத்தேன்.

"சண்டே. பி ஷிப்ட். கேர்ள் ஹவுஸ். மீ நோ, அதர் மாப்பிள்ளை எஸ்!"

அவர் சிரித்து அன்றுதான் பார்த்தோம். ஷிப்ட் மாற்றக் கேட்டு நான் எழுதி வைத்திருந்த தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிறு சாயங்காலம் அம்மாவோடு பண்ருட்டி போனேன். பெண்ணின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் வருமா என்று பார்க்க நினைத்தார் போலும், உட்கார்ந்ததுமே "ஹவ் ஆர் யூ?" என்றார்.

"நாட் பைன், சார்!" என்றேன், அதே சத்தத்தில்.

வாத்தியாரின் முகம் மாறியது. அம்மாவோ, பிள்ளை இங்கிலீஷில் வெளுத்து வாங்குவதாக நினைத்துப் பெருமையாகத் தலையாட்டினாள். எல்லாம் போச்சு என்று தலைகுனிந்தேன். கதவுக்குப் பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு.

"நல்லா இல்லையாம்ப்பா. என்னன்னு கேளுங்களேன்" என்றது ஒரு பெண்குரல்.

சொன்னேன். "தூங்கி ரெண்டு நாளாச்சுங்க. எங்க வேற எடத்துல குடுத்துடுவீங்களோன்னு பயந்துகினே இருந்தேன்." ஷிப்ட் கதையும் அதிகாரி கதையும் முடியும் வரை யாரும் எழுந்து போகவில்லை.

கல்யாணமாகிச் சில மாதம் கழித்து ஒருநாள், ஷிப்ட் முடிந்து வந்தவனிடம் "எப்படி இருக்கீங்க?" என்றாள். அலுப்பில் "பைன்" என்றேன்.

"அது உங்க ஆபீசருக்கு. எனக்குச் சொல்லுங்க" என்று எதிரில் வந்து உட்கார்ந்தாள்.