வாயில்லாப் பூச்சி ஓட்டிய லாரி

இருபத்தைந்து வருஷம் டீசல் லாரி ஓட்டிய அந்த மனிதரை எல்லாரும் பூச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். வாயில்லாப் பூச்சி என்று எந்தக் காலத்திலோ ஒரு முதலாளி வைத்த பெயர். நாளடைவில் முன்பாதி உதிர்ந்து பூச்சி மட்டும் நின்றுவிட்டது. முதலாளி திட்டினால் தலையை ஆட்டுவார். போலீஸ் மறித்தால் தலையை ஆட்டுவார். குறுக்கே வந்து விழுகிற பைக் ஓட்டியைப் பார்த்துக்கூட ஹாரன் அடிப்பாரே தவிர வாயைத் திறக்க மாட்டார். தங்கமான மனுஷன் என்று லாரி ஷெட்டில் யாரைக் கேட்டாலும் சாட்சி சொல்வார்கள்.

சாட்சி சொல்லாத ஒரே ஆள் அவர் மனைவி.

"தங்கமா? எங்க வீட்டுக்கு வந்து ஒரு நாள் உக்காந்து பாருங்க. மனசுக்குள்ள நினைக்கிறதா நினைச்சுக்கிட்டு எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்லிடுவாரு" என்பாள்.

"சும்மா கதை விடாதே" என்று பூச்சி சிரித்துவிடுவார். மாதத்தில் இரண்டு தடவை வீட்டுக்கு வருகிற மனிதரிடம் சண்டை போட அவளுக்கும் மனசு வராது.

மாதத்தில் இரண்டே தடவைதான் வீடு என்பது அவருக்கு அலுத்துப்போனது. லாரி சீட்டில் படுத்துப் படுத்து முதுகு போய்விட்டது. சொந்த வீட்டில் துண்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று விருந்தாளி மாதிரி கேட்க வேண்டியிருந்தது. அதனால்தான், பேட்டரியிலும் டீசலிலும் மாறி மாறி ஓடுகிற லாரி செய்யப்போகிறேன் என்று ஒரு இன்ஜினியரம்மா பழைய பெயின்ட் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, ஓட்டிப் பார்க்க டிரைவர் தேடியபோது, சம்பளம் குறைச்சல் என்று தெரிந்தும் பூச்சி போய் நின்றார். கம்பெனி என்றால் மொத்தமே அந்த அம்மா, ஒரு வெல்டர், ஒரு வயரிங் ஆள், பூச்சி. லாரியும் ஒன்றே ஒன்று. அதுவும் யாரோ கழித்துக் கட்டிய பழைய லாரி. அடிவயிற்றில் பேட்டரிப் பெட்டியை வெல்டிங் வைத்து மாட்டியிருந்தார்கள். இருக்கட்டுமே! சாயங்காலம் ஆனால் சொந்த வீட்டுச் சாப்பாடு, சொந்தத் தலையணை. மனுஷன் சந்தோஷத்தில் ஒரு சுற்றுப் பெருத்துக்கூட விட்டார்.

அந்த லாரிக்கு ஒரு குணம். மெதுவாகப் போகும்போது பேட்டரியில் போகும், சத்தமே வராது. மேடு வந்தால் டீசல் இன்ஜின் தானாக முழித்துக்கொண்டு கை கொடுக்கும். மேடு முடிந்ததும் தானாக அடங்கிவிடும். முதல் நாள் இன்ஜினியரம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பூச்சி பாலத்தில் ஏறினார். உச்சிக்கு வந்ததும் இன்ஜின் அடங்கியது. கேபினுக்குள் யாரோ ஒரு ஆளின் குரல், "ரோடு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தாடா எருமை? இன்டிகேட்டர் எதுக்கு வச்சிருக்கே, அழகு பாக்கவா?" என்று வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது.

யாருடா அது என்று பூச்சி திரும்பிப் பார்த்தார். ஒருத்தரும் இல்லை. இன்ஜினியரம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நானா பேசினேன்?"

"பாலம் ஏறினதுலேர்ந்து நீங்கதான்ணே பேசுறீங்க. என்னைப் பத்தியும் சொன்னீங்க."

"ஐயையோ, என்ன சொன்னேன்?"

"அதை விடுங்க."

பாவம், மனுஷனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. இத்தனை வருஷமாக இன்ஜின் சத்தம் அவர் பேச்சை அவர் காதுக்கே எட்டாமல் மூடி வைத்திருந்திருக்கிறது. பக்கத்து சீட்டில் எத்தனை முதலாளிகள் உட்கார்ந்து வந்திருப்பார்கள்! யார் யாரை என்னென்ன சொன்னோமோ என்று நினைத்து நினைத்து அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி மட்டும், "இப்பவாவது நம்புறீங்களா?" என்று கேட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

இந்த நேரம் பார்த்து ஒரு பேக்கரி முதலாளி வந்து சேர்ந்தார். விடியற்காலையில் கடைகடையாக ரொட்டி போடுகிறவர். லாரிச் சத்தத்தில் தூக்கம் கெடுகிறது என்று தெருத்தெருவாக அவரோடு சண்டைக்கு வருகிறார்களாம். சத்தம் போடாத லாரி ஆறு வேண்டும் என்றார். கிடைத்தால் கிடங்கு பிழைக்கும். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் பூட்டுத்தான். பூச்சி மறுபடியும் வெளியூர் லோடுக்குப் போக வேண்டியதுதான்.

ஓட்டிக்காட்ட வேறு ஆளைப் போடவும் வழியில்லை. வண்டிக்கு ஒரு வியாதி இருந்தது. டீசல் இன்ஜின் வந்து சேரும் நொடியில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். இன்ஜினியரம்மா மல்லுக்கட்டிப் பார்த்தும் அது அடங்கவில்லை. பூச்சிதான் அந்த நேரம் பார்த்து ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் விட்டுப் பிடித்து, குலுக்கலைத் தெரியாமல் அமுக்கிவிடுவார். ஆக, கால் அவருடையதுதான் வேண்டும். அந்த வாயைத்தான் என்ன செய்வது?

"வாய் நிறைய தண்ணி வச்சுக்கோங்க. எப்படிப் பேசுறீங்கன்னு நானும் பாக்குறேன்" என்றாள் மனைவி.

அப்படியே கன்னம் உப்ப உட்கார்ந்து பூச்சி வண்டியை எடுத்தார். நடுவில் இன்ஜினியரம்மா. ஜன்னல் ஓரம் முதலாளி, மடியில் கிரீம் கேக் பெட்டியோடு. கேக் நசுங்காமல் போய்ச் சேருகிறதா என்று பார்க்கிறாராம். கடைத்தெருவை வண்டி பூனை மாதிரி கடந்தது. முதலாளிக்கு ஒரே குஷி.

"எத்தனை வருஷமா வண்டி ஓட்டுறீங்க?" என்று கேட்டுத் தொலைத்தார்.

பூச்சி மடக்கென்று விழுங்கினார். "இருபத்தஞ்சு."

அவ்வளவுதான், தண்ணீர் போனது. பாலம் வந்தது. இன்ஜின் உறுமியது. பூச்சி காலைப் பதமாக விட்டுப் பிடிக்க, கேக் அசையவில்லை. சத்தம் காதை அடைக்கவும் அவருக்குப் பழைய தைரியம் வந்துவிட்டது. என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் லாரியிடம் மனசைக் கொட்ட ஆரம்பித்தார்.

"மெல்ல ஏறு ராசாத்தி. பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி மடியில பெட்டியோட உக்காந்திருக்கான் பாரு. இவன் வாங்கலைன்னா நான் மறுபடி ரோட்டுலதான் கிடக்கணும், என் வீட்டுக்காரி அங்க தனியாக் கிடக்கணும். நீ மட்டும் அதை இந்த ஆள்கிட்ட..."

உச்சி வந்தது. இன்ஜின் அடங்கியது.

"...காட்டிக் குடுத்துடாதே!"

கேபினில் ஈ பறந்தாலும் கேட்கும். முதலாளி மெதுவாகத் திரும்பினார்.

"எதைக் காட்டிக் குடுக்கக் கூடாது?"

பூச்சி ரோட்டைப் பார்த்தபடியே மனசுக்குள் யோசித்தார். அதாவது, மனசுக்குள் என்று அவர்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி ஆடுதுன்னு ஏதாவது சொல்லிச் சமாளிப்போமா? குலுக்கலைச் சொன்னா அம்மா பொழப்புல மண்ணு விழுமே..."

"என்ன குலுக்கல்?" என்றார் முதலாளி.

இன்ஜினியரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முதலாளி எல்லாம் கேட்டுவிட்டு, "திருப்புங்க. அதே பாலம். கால்ல ஒரு வித்தையும் காட்டக் கூடாது" என்றார்.

பூச்சி திருப்பினார். இன்ஜின் வந்தது, குலுக்கலும் வந்தது. பெட்டி ஒரு துள்ளுத் துள்ளி மூடி திறந்தது. கேக்கில் பாதி முதலாளியின் சட்டையில் ஏறிக்கொண்டது.

அவர் விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தார். சரக்கில் குறையில்லை என்பது போலத் தலையாட்டிக்கொண்டார்.

"எனக்கு வண்டி விக்க வந்தவன் எவனும் இதுவரைக்கும் குறையைச் சொன்னதில்ல. வாங்கினப்புறம்தான் தெரியும். ஆறெல்லாம் இப்ப வேணாம்மா. இந்தக் குலுக்கலைச் சரி பண்ணுங்க, முதல்ல ஒண்ணு எடுத்துக்கிறேன். ஆனா இவர்தான் ஓட்டணும். ஏதாவது கோளாறுன்னா இவர் வாயே எனக்குச் சொல்லிடும்."

பூச்சி ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தார்.

"இன்னொண்ணு. முதல்ல கன்னத்துல என்னமோ அடக்கியிருந்தீங்களே, என்ன அது?"

"தண்ணி, முதலாளி."

"தெருவுக்குள்ள போறப்ப அதை விட்டுடாதீங்க. ஜனங்க தூங்கணும்."

சாயங்காலம் பூச்சி தட்டின் முன்னால் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னதும் மனைவி, "அப்படியா" என்றதோடு சரி. திரும்பி நின்று அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பூச்சி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு யோசித்தார். இனிமேல் தினமும் வீட்டில்தான். இத்தனை வருஷம் தனியாக இருந்து பழகியவள். எண்ணிப் பத்து நாளில் என்னைப் பார்த்து அலுத்துப்போவாளோ என்னவோ.

"அதெல்லாம் அலுக்காது. சாப்பிடுங்க" என்றாள் அவள், திரும்பாமலே.

பூச்சி கையில் எடுத்த கவளத்தோடு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பவும் வாய்விட்டுச் சொல்லிட்டேனா?"

"இல்லையே" என்றாள் அவள். "இப்ப நீங்க ஒண்ணுமே பேசல."