அப்பாவின் டிரம்முக்கு ஒரு பட்டை

போன வருடம் குருத்தோலை ஞாயிறு ஊர்வலத்தில் எங்கள் சபை பேண்டின் பெரிய டிரம் வழி நெடுக அரைத் தாளம் முன்னால் ஓடியது. அடித்தது என் அப்பா. அவருக்குக் காது கேட்காது. தங்கச் சுரங்கத்தில் இருபது வருடத்துக்கு மேல் பாறையில் துளை போடும் மெஷின் பிடித்தவர். மெஷின் காதைக் கொண்டுபோனது, சுரங்கத்தை மூடியபோது வேலையும் போனது, மிச்சம் டிரம் ஒன்றுதான். ஊர்வலம் கலைந்ததும் பேண்ட் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கோச்சுக்காதம்மா. அடுத்த வருசமும் இப்பிடி ஆச்சின்னா டிரம்ம வேற ஆளுகிட்ட குடுத்துற வேண்டியதுதான்."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. கோபமே வராத காலம் அது. அம்மா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. காலையில் ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறுவேன், பெங்களூரில் உட்கார்ந்து சர்க்யூட் போர்டு வரைவேன், திரும்பி வந்து சோறு வைப்பேன். அழுதாயா என்று யாராவது கேட்டால் இல்லை என்பேன், பொய்யில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது.

ஆனாலும் வேலை தெரிந்த கை சும்மா இருக்குமா? மணிக்கட்டில் கட்டும் பட்டை ஒன்று செய்தேன். செல்போனை அதிர வைக்கும் சின்ன மோட்டார்தான் அதற்குள்ளும் இருந்தது. பேண்ட் மாஸ்டர் கையில் ஒரு பொத்தான். தாளத்துக்குத் தாளம் அவர் அழுத்தினால் பட்டை அதிரும். அப்பாவுக்கு மட்டும் கட்டினால் அது வைத்தியம், எல்லோருக்கும் கட்டினால் அது பேண்ட் சாமான். அதனால் பன்னிரண்டு செய்து பன்னிரண்டு பேருக்கும் கட்டினேன். காது நன்றாகக் கேட்கிறவர்களுக்குத்தான் அது அதிகம் பிடித்துப்போனது. ஊர்வலத்தில் முன்வரிசை ஊதுவது பின்வரிசைக்கு ஒழுங்காகக் கேட்காது. காற்று ஒரு பக்கம் இழுக்கும், பஸ் ஹார்ன் ஒரு பக்கம் இழுக்கும்.

"இது இல்லாம இத்தினி நாளு எப்பிடிம்மா ஊதினோம்?" என்றார் ட்ரம்பெட்காரர்.

அப்பாவும் ஒவ்வொரு ஞாயிறும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, "சூப்பரா அடிக்குதும்மா" என்பார். ஒத்திகையில் ஓர் அடி பிசகவில்லை. ஆபீசில் வீடியோ காட்டிப் பீற்றிக்கொண்டேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

இந்த வருட ஊர்வலத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது, சார்ஜ் ஏறவில்லையே என்று அவருடைய பட்டையைத் திறந்தேன். மோட்டாரின் கம்பி அறுந்து, வியர்வையில் பச்சை பூத்திருந்தது. அப்படிப் பூக்க நாள் ஆகும். அன்று காலையில்கூட சூப்பர் என்றிருந்தார்.

வேறு பட்டையைக் கட்டி, அதிர்வை முழுசாக வைத்து, மூன்று தடவை அழுத்தினேன். எத்தனை என்று கேட்டேன். என் உதட்டைப் படிக்க அவருக்குத் தெரியும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ரெண்டு" என்றார். ஐந்து தடவை அழுத்தினேன். பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்ப்பது போல மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லுப்பா."

"இன்னாத்த சொல்றது? மெஷின் புடிச்ச கை. முழங்கை வரிக்கும் ஒண்ணும் தெரியாது. என்கூட ஷிஃப்ட் போன எல்லாருக்கும் அப்பிடித்தான்."

"அப்ப எப்பிடி அடிச்ச?"

"ட்ரம்பெட்காரரு கால் தட்டுவாரில்ல? அதப் பாத்துதான்."

ஒத்திகையில் டிரம் ஸ்டாண்டில் நிற்கும், கால் தெரியும். ஊர்வலத்தில் அது அவர் நெஞ்சில் தொங்கும். முன்னால் போகிற யார் காலும் தெரியாது.

"ஏன் சொல்லல?"

"காது போனவன் அடிக்கிறான்னா பாவம்னு உடுவாங்க. கையும் போச்சின்னா உடுவாங்களா?"

கொதிக்கிற குழம்புச் சட்டியை அவர் வெறும் கையால் இறக்கி வைப்பார். சுரங்கத்துக்காரர்கள் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் எல்லா அப்பாக்களும் அப்படித்தான் இறக்கினார்கள். ஆம்பிளைக் கை என்றால் அப்படி என்று நினைத்து, எங்கப்பா கை இரும்பு என்று பள்ளிக்கூடத்தில் பெருமை வேறு அடித்திருக்கிறேன். அந்தக் கைக்கு என்ன தெரியும் என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் அந்தக் கைக்கே மெஷின் செய்த இன்ஜினியர் நான். வெட்கமாக இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றுமே வராமல் இருந்த எனக்கு முதலில் வந்தது அந்த வெட்கம்தான்.

மோட்டாரை மட்டும் கையில் எடுத்து, அவர் விரல் நுனியிலிருந்து மேலே போனேன். இங்கே? இல்ல. இங்கே? இல்ல. முழங்கைக்கு மேலே, "ஏதோ இருக்குது" என்றார். கழுத்துக்குக் கீழே தோளை ஒட்டிய எலும்பில் வைத்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆங்! இன்னாம்மா இது, உள்ள அடிக்குது!"

பன்னிரண்டு பட்டைகளையும் பிரித்து, அவரவருக்குத் தெரிகிற இடத்தில் வைத்துக்கொள்ளும்படி மாற்றினேன். ட்ரம்பெட்காரர் முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொண்டார். அப்பாவின் எலும்பின் மேல் நானே பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன்.

குருத்தோலை ஞாயிறு காலையில் டிரம் முன்னாலும் ஓடவில்லை, பின்னாலும் தங்கவில்லை. கோயில் வாசலில் பேண்ட் மாஸ்டர், "அடுத்த வருசமும் டிரம் அவரோடதுதான்" என்றார். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. அது வருமென்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு வீட்டுக்குக் கிளம்பினோம்.

ரோட்டில் ஒரு பஸ் உரசிக்கொண்டு போனது. ஹார்ன் கேட்காத மனிதரை ஓரமாக இழுக்க அவர் கையைப் பிடித்தேன். நடந்துகொண்டேதான் இருந்தார். நான் பிடித்திருப்பது அவருக்குத் தெரியவில்லை. முன்னால் போய் நின்று கேட்டேன்.

"நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது என் கையப் புடிச்சிக்கினு மாரிகுப்பம் வரிக்கும் கூட்டிக்கினு போவியே. அப்பவும் தெரியாதா?"

என் உதட்டைப் பார்த்தார்.

"தெரியாது. அதான் நாலு அடிக்கு ஒரு தபா குனிஞ்சி பாத்துக்கினே வருவேன், உன் கை இருக்குதான்னு."