காப்புக் கட்டிய கை

ஓடிவந்த வேலையாளுக்கு இடம் கொடுத்தால் சிறை என்றுதான் எங்கள் வீட்டில் நம்பினோம். தாத்தா ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். ஓடிய கூலியையும், அவனை ஒளித்து வைத்தவரையும் தண்டிக்க வெள்ளைக்காரன் வைத்திருந்த சட்டத்தை அவர் சொல்லிச் சொல்லியே, எங்களுக்கு அது என்றைக்கும் உள்ள சட்டமாகிவிட்டது.

எழுபதுகளின் இறுதியில், எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாசலில் அவள் வந்து நின்றாள். கேரி தீவுத் தோட்டத்துப் பெண். பெட்டாலிங் ஜெயாவில் வீட்டு வேலை. அடையாள அட்டையை முதலாளி பூட்டி வைத்துக்கொண்டார். தீபாவளிக்குக்கூட ஊருக்கு விடவில்லை. கோவிலில் அம்மா ஒருமுறை பரிவாகப் பேசியதை நம்பி வந்திருந்தாள்.

"என் கவர்மெண்டு வேலை போயிடும்," என்றார் அப்பா.

"போகட்டும். நான் இட்லி விக்கிறேன், நீங்க மாவாட்டுங்க," என்றார் அம்மா.

மறுநாள் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். "பால்குடம் எடுக்கிறியாம்மா?" என்று அம்மா கேட்டார். அவள் சம்மதித்தாள். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால், திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

அன்று மாலையே முதலாளி காரில் வந்தார்.

"அக்கா, நம்ம வீட்டுப் புள்ள லா. கூட்டிட்டுப் போறேன்."

அம்மா அவள் கையை உயர்த்திக் காட்டினார். "காப்புக் கட்டியிருக்கு அண்ணே. கோவில் கமிட்டியில இருக்கிறவரு நீங்க. எல்லை தாண்ட வைப்பீங்களா?"

அவர் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். "கொடி இறங்கட்டும். போலீசோட வரேன்."

அப்பா அன்று கதவுக்குப் பின்னால்தான் இருந்தார். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் தொழிலாளர் இலாகாவுக்குப் போய் விசாரித்திருக்கிறார். திரும்பியவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தச் சட்டம் நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சாம்! அட்டையைப் பூட்டி வச்சதுதான் குத்தமாம். கிளம்பும்மா, போலீசுக்கு நாமளே போவோம்."

என் அப்பா அவ்வளவு நிமிர்ந்து நடந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அடையாள அட்டை அந்த வாரமே திரும்பி வந்தது. அவள் பால்குடம் எடுத்தாள். கொடி இறங்கிய அன்று முதலாளி வரவில்லை.

பிறகு அவள் கிள்ளானில் தையல் கடை வைத்தாள். வருடந்தோறும் திருவிழாவுக்கு ரயிலேறி வருவாள். அம்மா இருந்தவரை, அவர் பக்கத்தில் நின்றுதான் கையை நீட்டுவாள்.

அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. காப்புக் கட்டும் நாளில் இப்போது நானும் அவளும் கை நீட்டுகிறோம்.