வெளிநாட்டு வீராங்கனையின் கையெழுத்து

சூசை மகள் டயானா, கிடைக்காது என்று பலர் சொன்ன பிறகும் வென்றவை இவை: மாவட்டக் கூடைப்பந்துப் போட்டிகளில் ஆறு கோப்பைகள். அவற்றில் ஒன்றில் பொறித்திருப்பது வேறொரு பெண்ணின் பெயர். மண்டலப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரிக்கு என்று கொடுத்த ஒரு இட்லிப் பானை. விளாங்குடி கிளப் நடத்திய போட்டியில் நூறு எறிகளுக்குத் தொண்ணூற்றொன்று போட்டதற்கு ஒரு சுவர்க் கடிகாரம். அது இன்றும் ஐந்து நிமிடம் முந்தித்தான் ஓடுகிறது. மாநில அணிக்கு அவள் தேர்வானதாக ஒரு கடிதம். நான்கு நாள் கழித்து, அவள் இந்தியக் குடிமகள் அல்ல என்பது தெரியவந்ததால் முந்தைய கடிதத்தைத் திருப்பி அனுப்புமாறு இன்னொரு கடிதம்.

இரண்டாவது கடிதத்தை வென்றவற்றில் சேர்க்கலாமா என்று கேட்டால், அவள் அண்ணன் மைக்கேல்ராஜ் சேர்க்கத்தான் வேண்டும் என்பான். அது வராமல் போயிருந்தால் அவள் வெளிநாட்டு வீராங்கனை ஆகியிருக்க மாட்டாள்.

மைக்கேல்ராஜ் இலங்கையின் மன்னாரில் பிறந்தவன். 1990-இல், மூன்று வயதில், அப்பாவின் தோளில் உட்கார்ந்து படகில் வந்தான். டயானா 2002 மார்ச் 9 அன்று மதுரையில் பெரியாஸ்பத்திரியில் பிறந்தாள். கடலை அவள் முதன்முதலில் பார்த்ததே பள்ளிக்கூடச் சுற்றுலாவில்தான். ஆனாலும் திருப்பரங்குன்றம் தாண்டி இருக்கும் முகாமின் பதிவேட்டில் இரண்டு பேரும் அகதிகளே. அவன் படகில் வந்த அகதி, அவள் பிரசவ வார்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்த அகதி.

அம்மா ஜோசபின் 2006-இல் இறந்துபோனாள். அப்பா 2009 ஜூலையில் போனார். இருபத்திரண்டு வயதில், எட்டாம் வகுப்புப் படிப்போடும் ஒரு பெயிண்ட் பிரஷ்ஷோடும் மைக்கேல்ராஜ் குடும்பத் தலைவன் ஆனான். குடும்பத் தலைவனுக்கு முகாமில் ஒரு வேலை உண்டு. மாதத்தில் இரண்டாம் சனியும் நாலாம் சனியும் ஆர்.ஐ எனப்படும் வருவாய் ஆய்வாளர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். இதற்கு ‘செக்கிங்’ என்று பெயர். ஊருக்கெல்லாம் விடுமுறையான அந்த நாட்களில்தான், அகதிகள் ஓடிப்போகாமல் இருக்கிறார்களா என்று அரசாங்கத்துக்குக் கவலை வரும். குடும்பத்தில் எல்லாரும் முகம் காட்ட வேண்டும். கையெழுத்தைத் தலைவன் மட்டும் போட வேண்டும். முகம் எத்தனை இருந்தாலும் குடும்பத்துக்குக் கையெழுத்து ஒன்றுதான். தலைவன் வராவிட்டால் ‘இல்லை’ என்று எழுதுவார்கள். விசாரணை வரும். மூன்று ‘இல்லை’ சேர்ந்தால் பெயரே போய்விடும்.

2009 ஆகஸ்டிலிருந்து மைக்கேல்ராஜ் ஒரு செக்கிங்கையும் விட்டதில்லை. காய்ச்சலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு போய்ப் போட்டிருக்கிறான். சாரத்திலிருந்து விழுந்து வலது கை கட்டில் இருந்தபோது, இடது கையால் அதே மாதிரி போட ஒரு வாரம் பழகிவிட்டுப் போனான். 2017 ஆகஸ்ட் 12 அன்று டயானா மண்டல இறுதிப் போட்டியில் ஆடினாள். அன்று இரண்டாம் சனி. இட்லிப் பானை வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் ஜெயித்தது அவனுக்குத் தெரியும்.

இத்தனைக்கும் அவளுக்கு முதல் மைதானம் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். முகாமின் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒரு பலகையையும் இரும்பு வளையத்தையும் மாட்டினான். தடையில்லாமல் எறிவதற்கான கோடு எவ்வளவு தூரம் என்று அவள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை ஜாய்ஸிடம் கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி வந்தான். எல்லைக் கோட்டிலிருந்து பத்தொன்பது அடி என்று இருந்தது. அவனுக்குத் தெரிந்த எல்லை, தொட்டிச் சுவர். சுவரில் டேப்பை வைத்து மூன்று முறை அளந்து, மிச்சமிருந்த மஞ்சள் எனாமலில் நூல் பிடித்த மாதிரி கோடு போட்டான். எல்லைக் கோடு பலகைக்கு நாலு அடி பின்னால் இருக்கும் என்பது சீட்டில் இல்லை. அந்தக் கோட்டில் நின்று டயானா மூன்று வருஷம் எறிந்தாள். பள்ளி மைதானத்துக்கு முதல்நாள் போனவள், இவர்கள் கோட்டைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று வந்து புகார் சொன்னாள். மைக்கேல்ராஜ் டேப்போடு போய்ப் பள்ளிக் கோட்டை இரண்டு முறை அளந்தான். திரும்பி வந்து, தன் கோட்டின் மேல் இன்னொரு கோட் அடித்தான். தொண்ணூற்றொன்றுக்குக் காரணம் அந்த நாலு அடிதான் என்பது அவன் கட்சி.

2021-இல் முகாமுக்கு ஒரு பெரிய மாற்றம் வந்தது. ‘அகதிகள் முகாம்’ என்ற பலகையைக் கழற்றிவிட்டு ‘மறுவாழ்வு முகாம்’ என்று எழுத ஆணை. எழுதியவன் மைக்கேல்ராஜ். எழுத்துக்கு எழுத்து இடைவெளி பிசகாமல், நிழல் வைத்து எழுதினான். பலகையில் மறுவாழ்வு வந்தது. பதிவேடு பழைய பதிவேடாகவே இருந்தது.

2024 மே மாதம் முகமது ஆசிப் வந்தார். மதுரை மகபூப்பாளையத்துக்காரர். கோயம்புத்தூரில் நொய்யல் ஸ்டார்ஸ் என்று புதிதாகத் தொடங்கிய தொழில்முறை அணிக்கு மேலாளர். அந்த லீக்கின் விதிப்படி ஒவ்வொரு அணியிலும் ஒரு வெளிநாட்டு வீராங்கனை இருந்தே ஆக வேண்டும். நிஜமான வெளிநாட்டிலிருந்து ஒருத்தியை வரவழைக்க விமான டிக்கெட், விசா, அவளுக்குச் சமைக்க ஆள் என்று ஏகப்பட்ட தொல்லை. திருமங்கலம் ரோட்டிலேயே ஒரு வெளிநாடு இருக்கிறது என்று யாரோ ஆசிப்பின் காதில் போட்டிருந்தார்கள்.

மாநில அணிக்கு இந்தியர் இல்லை என்று கழிக்கப்பட்டவள், இந்தியர் இல்லை என்பதாலேயே வேலைக்கு எடுக்கப்பட்டாள். மறுவாரமே அணி செய்தி வெளியிட்டது: இலங்கை நட்சத்திரம் டயானா வருகிறார். நிருபர் ஒருவர் போன் செய்து, இந்தியா பிடித்திருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பஸ்தான் ரொம்பக் கூட்டமாக இருக்கிறது என்று டயானா தமிழில் சொன்னாள். இவ்வளவு சீக்கிரம் தமிழ் கற்றுக்கொண்டாரே என்று அவர் அதையும் எழுதினார்.

சிக்கல் ஒப்பந்தத்தில் வந்தது. வெளிநாட்டு வீராங்கனை ஒப்பந்தத்தில் போடும் கையெழுத்து, அவருடைய பாஸ்போர்ட்டில் இருக்கும் கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். டயானாவுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. இங்கே வெளிநாட்டுக்காரி, அங்கே யாரும் அவளைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆதாரில் அவளுடைய பத்து விரலும் இரண்டு கண்ணும் இருந்தன, கையெழுத்து இல்லை. பரீட்சைக்குப் பெயரை எழுதியிருக்கிறாள். அது பெயர் எழுதியது, கையெழுத்து ஆகாது என்று லீக்கின் வக்கீல் சொல்லிவிட்டார். பள்ளிப் படிவம், கல்லூரிப் படிவம், போட்டிக்கு அனுமதி, எல்லாவற்றிலும் ‘காப்பாளர்’ என்ற இடத்தில் அண்ணன் போட்டிருந்தான். அழகான கையெழுத்து. இருபத்திரண்டு வயதுப் பெண், தன் பெயருக்குக் கீழே எல்லா இடத்திலும் மைக்கேல்ராஜாக இருந்தாள்.

ஆசிப் வக்கீலோடு பேசிப் பேசி ஒரு வழி வாங்கினார். முகாம் பதிவேட்டில் அவள் கையெழுத்து இருக்கும் பக்கத்தை ஆர்.ஐ சான்று போட்டுக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள். ஜூன் 30-க்குள் வர வேண்டும். வராவிட்டால் அணி வேறொரு வெளிநாட்டைத் தேடிக்கொள்ளும்.

மைக்கேல்ராஜ் ஆர்.ஐ கண்ணுச்சாமியைப் போய்ப் பார்த்தான். கண்ணுச்சாமி கெட்டவர் இல்லை, விதிப்படி நடப்பவர். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு குடும்பத்துக்கு இரண்டு கையெழுத்து வாங்கக் கட்டம் இல்லை என்று வருத்தப்பட்டார்.

“கல்யாணத்த முடிச்சு வையி. தனி கார்டு வந்துரும், தனி கையெழுத்தும் வந்துரும்.”

“புருசன்தான சார் போடுவாப்ல, தலைவருன்னு?”

கண்ணுச்சாமி யோசித்தார். அது அவருக்கும் சரியாகத்தான் பட்டது. பிறகு, யாருக்கோ சொல்வதுபோலச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“தலைவன் ஆஜர் இல்லைன்னா, அடுத்து இருக்குற பெரியாளு போடலாம். விதியில இருக்கு. ஆனா தலைவனுக்கு ‘இல்லை’ விழும். நீதான் ஒரு நாளும் வராம இருக்க மாட்டியே.”

அன்றைக்கு மைக்கேல்ராஜின் கணக்கில் முந்நூற்று ஐம்பத்தேழு செக்கிங், ஒரு ‘இல்லை’ கிடையாது. முகாமில் வேறு யாருக்கும் அப்படி இல்லை. கோப்பையோ கடிகாரமோ அதற்காக யாரும் கொடுக்கவில்லை என்றாலும், அது அவன் வென்றது. ஜூன் 30-க்கு முன்னால் மிச்சமிருந்தது ஒரே ஒரு நாலாம் சனி.

அன்று வராமல் இருக்கப் போவதாக அவன் சொன்னபோது டயானா ஒத்துக்கொள்ளவில்லை. விசாரணை என்றால் போலீஸ் வீட்டுக்கு வரும், இவன் அதற்கே பயந்து சாவான் என்று அவளுக்குத் தெரியும்.

“பந்தே வேணாம்ணே. ஒனக்கு ‘இல்லை’ன்னு எழுதி நான் ஒண்ணும் வெளிநாட்டுக்காரி ஆக வேணாம்.”

“நான் இல்லைன்னு எழுதுனாத்தான் நீ இருக்கன்னு எழுத முடியும் பாப்பா. ‘டயானா’வுக்கு டகரத்த ஒழுங்காப் போடு, அம்புட்டுத்தான்.”

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே அவன் காளவாசலுக்குக் கிளம்பினான். ஒரு ஜவுளிக்கடைச் சுவருக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரி அழகுபாண்டி அவனைப் பார்த்ததும் வாயில் இருந்த வடையை அப்படியே நிறுத்திவிட்டார்.

“என்ன மாப்ள, நாலாம் சனி. சர்க்கார் ஒன்னையத் தேடலையா?”

மைக்கேல்ராஜ் சாரத்தில் ஏறினான். எட்டு மணிக்கு ஒரே இடத்தில் மூன்று கோட் அடித்தான். ஒன்பது மணிக்கு நீலத்துக்குப் பதில் பச்சையைக் கலக்கினான். ஒன்பதரைக்கு அழகுபாண்டி, நீ போய்த் தொலை, சுவராவது பிழைக்கட்டும் என்றார். அவன் பிரஷ்ஷைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறினான்.

உள்ளே போகக் கூடாது என்பது நினைவிருந்தது. முகாம் வாசலில், தான் எழுதிய பலகைக்குப் பின்னால் நின்றான். பலகை பெரியதுதான், ஆனால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. பச்சை பெயிண்ட் சொட்டிய இரண்டு கால்கள் மறுவாழ்வுக்கு அடியில் நன்றாகத் தெரிந்தன.

தொட்டி நிழலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த கண்ணுச்சாமி, சூசை குடும்பத்தின் பக்கம் வந்ததும் நிமிர்ந்தார். கால்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டயானாவிடம் கேட்டார்.

“ஒங்க அண்ணன் எங்கம்மா?”

“காளவாசல் போயிருக்கு சார்.”

“முகாம் எல்லைக்குள்ள இல்லையே?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “இல்ல சார்.”

கண்ணுச்சாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாமல் வாசல் வரை அவருக்குத் தெரியாது என்பது முகாமுக்கே தெரியும். மைக்கேல்ராஜ் பெயருக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினார். பதிவேட்டை அவள் பக்கம் திருப்பிப் பேனாவைக் கொடுத்தார்.

டயானா மஞ்சள் கோட்டில் நிற்பதுபோலக் காலை ஊன்றிக்கொண்டாள். அப்பா பெயரின் ‘சூ’வுக்கு ஒரு சுழி, புள்ளி, பிறகு பெயர். அந்தச் சுழி அப்படியே அண்ணனுடையது என்று பிற்பாடு பக்கத்தின் நகலைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். டகரம் அவளுடையது, கட்டத்தைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே போயிருந்தது.

சூ. டயானா. 22 ஜூன் 2024, சனிக்கிழமை.