பிடி அரிசி

தினமும் எனக்கு மட்டும் உலை வைக்குமுன் எடுத்துப்போட்ட பிடி அரிசியால் டப்பா நிறைந்துவிட்டது. இன்று திறந்ததும் புழுங்கலும் பச்சையும் கலந்த அந்த வாசனை, பேகம்பேட்டில் இப்போது இல்லாத நாலா என்னும் சாக்கடைக் கால்வாயோரக் குடிசைகளுக்கு என்னை இழுத்துப்போனது. சபையார் வீடுகளில் சேர்ந்த பிடி அரிசியை அம்மா ஞாயிறுதோறும் அங்கே கஞ்சியாக்குவாள். பாதி குழைந்தும் பாதி வேகாமலும் இருக்கும் அதைக் கடைசிச் சொட்டுவரை அவள் ஊற்றி முடிக்கும்வரை நான் காலிச் சாக்கின்மேல் பசியோடு தனியே உட்கார்ந்திருப்பேன்.

"எனக்கும்மா?"

"கர்த்தர் தருவாரு."

ஒருநாள் குடிசைக்காரி ஒருத்தி, "பீலே பேட்டி", குடி மகளே என்று தன் குவளைக் கஞ்சியில் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

இப்போது பக்கத்துக் கட்டட வேலையாட்களின் கொட்டகைக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அங்கேயே கஞ்சி காய்ச்சலாம். எனக்கும் ஒரு குவளை எடுத்துக்கொண்டேன்.