டேவிட் வண்டியின் ஸ்டியரிங்

பவர் ஸ்டியரிங் பார்க்கிறவனிடம் வருகிறவர்கள் பழுதைத் தாங்களே கண்டுபிடித்துவிட்டுத்தான் வருவார்கள். நாம் ஆமாம் போட்டால் போதும். இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கும் தெரியும். கடலூரில் என் ஷெட்டுக்கு 2007 முதல் வந்துகொண்டிருந்தவர் கீரப்பாளையம் டேவிட். சொந்தமாக ஒரு டீசல் கார் வைத்து வாடகைக்கு ஓட்டினார். வீட்டுக்கு வருமானம் அது ஒன்றுதான்.

பழுப்பு எண்ணெய்

முதல் தடவை, திருப்பினால் முனகுகிறது என்று வந்தார். ஸ்டியரிங் ஆயில் டப்பாவைத் திறந்தேன். சிவப்பாக இருக்கவேண்டியது பழுப்பாக இருந்தது. ஆயில் குறைந்ததைப் பார்த்து, கையிலிருந்த பிரேக் ஆயிலை ஊற்றியிருக்கிறார். அது ரப்பர் சீலைத் தின்றுவிடும் என்றேன். டேவிட் நிதானமாகச் சொன்னார்: "வூட்ல நல்லெண்ண தீந்துபோனா கடலெண்ண ஊத்திக்கிறதில்லியா மாமா, அந்த மாதிரிதான்."

உளுந்து அறுப்பு

அறுப்பு நேரத்தில் நம் பக்கத்தில் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கும். ஸ்டியரிங் கல்லாகிவிட்டது என்று டேவிட் வந்தார். பம்ப் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லி, போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். புல்லி முழுக்க உளுந்துச் செடி சுற்றி, பம்பை ஓட்டும் பெல்ட்டைத் தள்ளிவிட்டிருந்தது. "போல்ட்ட முடுக்கு மாமா. உளுந்த மட்டும் ஒரு பையில போட்டுக் குடு, வடைக்கு ஆவும்."

தோள்பட்டை

2011இல், திருப்பினால் தோள் வலிக்கிறது என்றார். எந்தப் பக்கம் திருப்பினால் என்று நான் கேட்கவில்லை. ஓட்டிப் பார்த்தேன், பூப்போலத் திரும்பியது. "வண்டி நல்லாருக்கு மச்சான், தோள டாக்டர்ட்ட காட்டு" என்று அனுப்பிவிட்டேன். டாக்டர், வண்டியே ஓட்டக் கூடாது என்றுவிட்டார். இரண்டு மாதம் கழித்து, விற்குமுன் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லி, மனைவி ஸ்டெல்லாவோடு வந்தார். வாங்குகிறவர் மறுநாள் வருவதாக இருந்தது.

"ஏண்ணே, ரைட்ல ஒடிக்கும்போது மட்டும் இவுரு பல்லக் கடிக்கிறாரு. லெஃப்ட்ல ஒண்ணுஞ் செய்யிறதில்ல" என்றார் ஸ்டெல்லா.

எனக்கு உறைத்தது. ஷெட் வாசலில் சாலை நடுவே தடுப்புச்சுவர். வெளியே எடுத்தால் இடது, அடுத்த தெருவில் இடது, பின்பக்கமாகச் சுற்றி மறுபடி இடது. நான் ஓட்டிப் பார்த்த வண்டிகளெல்லாம் அப்படித்தான் பாஸாயின. எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே திருப்பினேன். இடப்பக்கம் லேசு, வலப்பக்கத்துக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஸ்டியரிங் பெட்டிக்குள் ஒரு பக்கத்துச் சீல் கிழிந்திருந்தது. மாற்றினேன். டேவிட் எடுத்துப்போய், தடுப்புச்சுவரில் இரு பக்கமும் தள்ளியிருந்த இரண்டு இடைவெளிகளிலும் வலப்பக்கம் ஒடித்துத் திரும்பி வந்தார். வண்டியை விட்டு இறங்காமலே, வாங்குகிறவருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தார்: "ரெண்டு மாசமா மாத்திரைய இவருக்குக் குடுத்தேண்ணே. வண்டிக்குக் குடுத்திருக்கணும்."

தோளை டாக்டரிடம் காட்டச் சொல்வது எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்ததற்குக் காரணம், ஒரு வலப்பக்கத் திருப்பத்துக்காக அடுத்த இடைவெளி வரை ஓட்டிப்போக நமக்கெல்லாம் இருக்கும் சோம்பல்தான்.